அலுவல் பயணத்தில் வழிபாடும் ஊர் சுற்றலும்: முதலில் எதற்கு நேரம் ஒதுக்குவது?

வெளிநாட்டு அலுவல் பயணத்தில் நமக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மாலையும் ஓர் அரை நாளும்தான். அதற்குள் வழிபாடும் வேண்டும், ஊரையும் பார்க்க வேண்டும் என்றால், வழிபாட்டு நேரத்தை முதலில் குறித்துவிடுங்கள். அருங்காட்சியகத்துக்குக் காலையில் போகலாம், மாலையிலும் போகலாம். தேவாலயத் திருப்பலியும் பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையும் கோயில் தீபாராதனையும் அப்படி நமக்காகக் காத்திருப்பதில்லை. பலர் சுற்றுலா டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். வழிபாட்டு நேரத்தைத் தேடும்போதுதான் இரண்டும் மோதுவது தெரிகிறது.

விமான டிக்கெட் போடும் முன்பே அந்த நாட்டின் வார விடுமுறை எது என்று பாருங்கள். சவுதி அரேபியா, எகிப்து, வங்கதேசம் ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு முழு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது. நேபாளத்தில் நெடுங்காலமாகச் சனிக்கிழமைதான் விடுமுறை. அதனால் அங்குள்ள தேவாலயங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையே ஆராதனை வைக்கின்றன. ஞாயிறுதான் ஆராதனை என்று நம்பிச் சனி இரவு வந்து இறங்குபவருக்கு அந்த வாரம் கைநழுவிப் போகும்.

ஒவ்வொரு சமயத்தவரும் கவனிக்க வேண்டியது வேறு. கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவு செய்யும்; ஞாயிறு காலை விமானம் என்றால் இதுதான் வழி. முஸ்லிம் பயணிகளுக்கு நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு, ஜும்ஆவும் கட்டாயமில்லை. ஆனாலும் ஜும்ஆவுக்குப் போக விரும்பினால் போக்குவரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நேரத்தைப் பொதுவான செயலியில் பார்ப்பதைவிட அந்தப் பள்ளிவாசலின் அட்டவணையில் பார்ப்பதே சரி. ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நேரம் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். பருவமும் பெரிய வித்தியாசம் செய்யும்: சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப், லண்டனில் ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கு மேல், டிசம்பரில் மாலை 4 மணியளவில்.

இந்துக்கள் ஊர்க் காலண்டரை அப்படியே நம்பிப் போகக் கூடாது. எந்தத் திதி எந்த நாளுக்குரியது என்பது உள்ளூர்ச் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்து முடிவாவதால், ஏகாதசியோ பிரதோஷமோ கண்டம் மாறினால் ஒரு நாள் மாறி வரக்கூடும். அந்த ஊர்க் கோயிலின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். மதிய உணவு இடைவேளையில் போய்வரலாம் என்ற திட்டம் அங்கே பலிக்காது. ஐரோப்பாவில் யூத ஜெப ஆலயத்துக்குப் போவதானால் சில நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். பாதுகாப்புக்காகப் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். சொல்லாமல் போய் நின்றால் வாசலோடு திருப்பி அனுப்பவும் கூடும்.

நேரம் முடிவானதும், கூட்டங்களை ஏற்பாடு செய்பவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஞாயிறு காலை 11 மணி வரை எனக்கு வழிபாடு, அதன் பிறகு வரலாம்." விருந்தோம்புபவர்கள் அன்போடு அதே காலையில் வண்டி அமர்த்தி ஊர் காட்டத் திட்டமிட்டிருப்பார்கள். வாசலில் வண்டி நிற்கும்போது மறுப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

புகழ்பெற்ற தலங்களில் பார்வையாளருக்கும் வழிபடுபவருக்கும் நேரமோ வாசலோ வேறாக இருக்கும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டும் திறக்கும், சுற்றுலா கிடையாது. அங்கும் செயின்ட் பால் பேராலயத்திலும் மாலை ஆராதனைக்குக் கட்டணமில்லை. பார்சிலோனாவின் சக்ரடா ஃபமிலியா தேவாலயத்தில் ஞாயிறு காலை 9 மணிக்குப் பல மொழித் திருப்பலி நடக்கும். இடம் முதலில் வருபவர்களுக்கே. இஸ்தான்புலின் ஹாகியா சோபியா பள்ளிவாசலில் 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு மேல்தளம், தொழுகைக்குக் கீழ்த்தளம். வழிபட வந்தவர் என்று காவலரிடம் சொல்லி நுழைந்தால் கடைசி வரை இருங்கள், கேமராவை எடுக்காதீர்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த ஆராதனையைப் பயன்படுத்துவது அங்கே மனமுருகி நிற்பவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கட்டடத்தைப் பார்க்க ஆசையா, இன்னொரு நாள் டிக்கெட் எடுத்து வாருங்கள்.

உடைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. அலுவலக முழுக்கால்சட்டையும் கையுள்ள சட்டையும் அநேகமாக எல்லா இடத்துக்கும் பொருந்தும். கூடவே பெரிய பருத்தித் துப்பட்டா ஒன்று, சுத்தமான காலுறை ஒரு ஜோடி, காலணி போட ஒரு துணிப்பை. அந்தத் துப்பட்டா பள்ளிவாசலிலும் குருத்வாராவிலும் (சீக்கியர் கோயில்) ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்திலும் பெண்கள் தலையை மூட உதவும். குருத்வாராவில் ஆண்களும் தலையை மூட வேண்டும். மது அருந்திவிட்டுப் போகக் கூடாது, ஆகவே அலுவல் விருந்துக்குப் பிந்தைய இரவு அதற்கு உகந்ததல்ல. மியான்மரின் யாங்கூனில் உள்ள ஷ்வேடகன் பௌத்தத் தலத்தில் காலுறையையும் கழற்றச் சொல்வார்கள். வெயிலில் அந்தச் சலவைக்கல் தளம் காலைச் சுடும், அதிகாலையே நல்லது. நாடா கட்டும் ஷூவை ஒரே நாளில் நான்கு இடத்தில் கழற்றி மாட்டினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தூக்கம் கெடுவதையும் நமக்குச் சாதகமாக்கலாம். மேற்கு நோக்கிப் பறந்து வந்தவருக்கு முதல் சில நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வரும். கூட்டம் தொடங்கும் முன் ஒரு தலத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து மேற்கு நோக்கி டோக்கியோ வந்தவருக்கு இது எளிது: அங்குள்ள மெய்ஜி ஷிண்டோ ஆலயம் சூரிய உதயத்தோடு திறந்து அஸ்தமனத்தோடு மூடும். அதே நகரின் அசகுசா பகுதியில் உள்ள சென்சோஜி பௌத்தக் கோயிலில் முதன்மை மண்டபம் கோடையில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். கிழக்கு நோக்கிப் போனவருக்குக் காலையில் கண் திறக்காது. மாலை வழிபாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பெரிய பெட்டியைப் பேராலயங்களும் அருங்காட்சியகங்களும் உள்ளே விடுவதில்லை; பல இடங்களில் வைத்துவிட்டுப் போகவும் வசதியில்லை. அறையைக் காலி செய்ததும் பெட்டியை ஹோட்டல் வரவேற்பிலேயே கொடுத்துவையுங்கள். அலுவலக மடிக்கணினியை அதற்குள் வைக்காமல் தனியே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: இரவு 9 மணி விமானத்துக்கு 6 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும், பயணம் ஒரு மணி நேரம், பெட்டி எடுக்க அரை மணி, அப்படியானால் நான்கரைக்கு ஹோட்டலில் இருக்க வேண்டும். 4 மணிக்குத் தொடங்கும் ஆராதனை அன்று வேண்டாம்.

இதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். அந்த நாளின் அறைக்கும் வண்டிக்கும் தனி ரசீது வாங்குங்கள். நிறுவனத்தின் பயணக் காப்பீடு அலுவல் நாட்களோடு முடிகிறதா என்றும், விசா அந்த நாளையும் உள்ளடக்குகிறதா என்றும் டிக்கெட்டை மாற்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.