ஆழமற்ற கடற்கரைச் சாய்தளத்தில் சிறு படகை இறக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலக் கடலோரமான பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னையும் செம்பனையும் முடிகிற இடத்தில் கடல் தொடங்கிவிடுவதில்லை. இடையில் சேறு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் புறப்படும் தோட்டப்புறத்தார் பலர், என்ஜினைப் பார்க்கும் நேரத்தில் கால்பங்கைக்கூட ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, கணக்கிடச் செலவிடுவதில்லை. ஆழமற்ற தளத்தில் படகு பத்திரமாக இறங்குவதும், பிறகு கரையேறுவதும், வண்டி ஓட்டுபவரின் கைத்திறனைவிட அவர் தேர்ந்தெடுத்த நேரத்தையே பெரிதும் பொறுத்தவை.

மலாக்கா நீரிணையின் இக்கரையில் நாளொன்றுக்குப் பொதுவாக இரு முறை நீர் ஏறி, இரு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி இருப்பதால், மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே முதல் குறிப்பைத் தந்துவிடும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிக உயர ஏறி, மிகத் தாழ வற்றும், அஷ்டமியை ஒட்டி அந்த வேறுபாடு சுருங்கும். மணிக்கணக்கும் மீட்டர் கணக்கும் வேண்டுமென்றால் தேசிய ஹைட்ரோகிராஃபி மையத்தின் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். தளம் ஆற்றுக்குள் தள்ளி இருந்தால், முகத்துவாரத்தில் ஏறிய நீர் அங்கு வந்துசேரச் சற்று நேரமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் ஒரே சீராக வற்றுவதில்லை. வற்றும் ஆறு மணி நேரத்தில், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த இறக்கத்தில் பாதி நிகழ்ந்துவிடும். மொத்த இறக்கம் 3 மீட்டர் என்றால், அந்த வேளையில் 12 நிமிடத்துக்கு அரையடி நீர் போய்விடும். சிமெண்டுத் தளத்தில் இது பெரிதாகத் தெரியாது. நூறடிக்கு அரையடி மட்டுமே சரியும் சேற்றுத்தரையில், அதே 12 நிமிடத்தில் நீர்விளிம்பு நூறடி விலகிவிடும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது படகை இறக்குவதே நல்லது. எங்கேனும் தரைதட்டினாலும் ஏறும் நீர் தூக்கிவிடும். உச்சத்துக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த ஏற்றம் வரை வெளியில் தங்குவதற்கான எரிபொருளும் குடிநீரும் படகில் இருக்க வேண்டும்.

தளத்தை அடைந்ததும் முதலில் நடந்து பார்க்க வேண்டும். பச்சைப்பாசி படர்ந்த பகுதியில் காலே வழுக்கினால் டயரும் வழுக்கும். வண்டியின் இழுக்கும் சக்கரங்கள் பாசி தொடங்கும் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். அதைவிட முக்கியமானது நீருக்கடியில் உள்ள தளத்தின் முனை. படகை டிரெய்லரில் ஏற்றும்போது என்ஜினை முடுக்கித் தள்ளுகிற வழக்கத்தால், சுழல்விசிறி கிளப்பும் நீரோட்டம் சிமெண்டு முடியும் இடத்தில் மண்ணைப் பறித்துக் குழியாக்கிவிடும். டிரெய்லர் சக்கரம் அந்த விளிம்பைத் தாண்டி விழுந்தால் வண்டியால் இழுத்தெடுப்பது கடினம். ஒரு மூங்கில் கழியால் முனையைத் தட்டிப் பார்த்து, அங்கேயே நட்டு அடையாளம் வைத்துவிடலாம்.

ஆயத்த வேலைகளைச் சாய்தளத்தில் அல்ல, ஓரத்தில் ஒதுங்கி நின்று முடிக்க வேண்டும். பின்னால் காத்திருப்பவரின் ஹாரன் சத்தம்தான் வடிதுளையின் அடைப்பானை மறக்கவைக்கிறது. படகின் பின்புற வடிதுளையை இறுக மூடுதல், படகின் பின்புறத்தை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டையை அவிழ்த்தல், என்ஜினை மேலே தூக்கிவைத்தல், டிரெய்லர் விளக்கின் இணைப்பைக் கழற்றுதல், அணியத்தில் (படகின் முன்முனையில்) நீண்ட கயிறு கட்டுதல் ஆகியவை அங்கேயே முடிய வேண்டும். அணியத்தைப் பிடித்திருக்கும் வின்ச் (டிரெய்லரின் இழுவை உருளை) கொக்கியை மட்டும் படகு மிதக்கும்வரை கழற்றவே கூடாது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கர பேரிங்கை உடனே நீரில் இறக்கினால் அது குளிர்ந்து உப்புநீரை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால், இந்த இடைவேளை அதற்கும் உதவும்.

பின்னோக்கி இறக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும், இருக்கைப்பட்டை கழன்றிருக்கட்டும், டிரெய்லருக்குப் பின்னால் ஒருவரும் நிற்க வேண்டாம். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்த பிறகே ஓட்டுநர் இறங்க வேண்டும். படகு மிதந்ததும் கொக்கியைக் கழற்றி, கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துப்போய், முழங்கால் ஆழத்துக்குமேல் கழியால் தள்ளிய பிறகே என்ஜினை இறக்க வேண்டும். சேற்றைக் கலக்கியபடி ஓட்டினால் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் நுழையும் துளை அடைபடும். என்ஜினின் பக்கத்திலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலிலும் காலையிலும் சுமத்ராவின் பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வரக்கூடும். மேற்கே கருமேகம் வரிசைகட்டினால் இறக்காமல் காத்திருப்பதே சரி. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைக்காமல் உடலில் அணிய வேண்டும். திரும்பும்போது நீர் வற்றிச் சேற்றில் சிக்கினால், இறங்கி நடந்து கரைசேர முயலக் கூடாது. இடுப்பளவு புதையும் சேறு இங்கு உண்டு. படகிலேயே இருந்து நங்கூரத்தைப் போட்டு, யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் 999-ஐ அழைத்து, இல்லையேல் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும்.