ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டர்ல ஆக்சஸ் டினைடு வந்தா எங்கருந்து பாக்கணும்

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், எவ்ளோ அவசரமா இருந்தாலும் எவ்ரிஒன்னுக்கு (அதாவது எல்லா யூசருக்கும்) ஃபுல் கன்ட்ரோல் குடுத்து பிரச்சனைய முடிச்சிடாதீங்க. அன்னிக்கு வேலை நடக்கும், ஆனா நாளைக்கு யாரோ ஒருத்தர் பிசில ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ்) வந்துச்சுன்னா அந்த ஃபோல்டர் மொத்தத்தையும் என்கிரிப்ட் பண்ணிட்டு போயிடும்.

மொதல்ல வர்ற மெசேஜ சரியா படிங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட் யூஸ் (ஷேர கனெக்ட் பண்ற கமாண்ட்) போடறப்ப சிஸ்டம் எரர் 53 வந்தா அது பர்மிஷனே இல்ல, சர்வரையே பிசியால ரீச் பண்ண முடியல, சர்வர் பேரு, டிஎன்எஸ் (பேர ஐபி அட்ரஸா மாத்தறது), ஃபயர்வால் பாருங்க. எரர் 5 வந்தா தான் பர்மிஷன். 1219 வந்தா அதே சர்வருக்கு ஏற்கனவே வேற யூசர் பேர்ல கனெக்ஷன் இருக்குன்னு அர்த்தம், பழைய மேப் டிரைவ (ஷேர டிரைவ் லெட்டரா போட்டு வச்சிருக்கறது) எடுத்துட்டு, கன்ட்ரோல் பேனல்ல இருக்க கிரெடென்ஷியல் மேனேஜர்ல சேவ் ஆகியிருக்க பழைய பாஸ்வேர்டையும் அழிச்சிட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க.

இப்ப முக்கியமான விஷயம். விண்டோஸ்ல ஒரு ஃபோல்டருக்கு ரெண்டு பூட்டு, ஃபோல்டர் ப்ராப்பர்டீஸ்ல ஷேரிங் டேப்ல ஒன்னு, செக்யூரிட்டி டேப்ல இன்னொன்னு, நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு ரெண்டும் திறக்கணும், எது கம்மியா குடுத்திருக்கோ அதான் செல்லும். அட்வான்ஸ்டு ஷேரிங்ல புதுசா ஷேர் பண்ணா எவ்ரிஒன்னுக்கு ரீட் மட்டும் தான் தானா வரும், அதனால செக்யூரிட்டில மாடிஃபை (ஃபைல மாத்தற உரிமை) குடுத்திருந்தும் "ஃபைல் ஓப்பன் ஆகுது சார், சேவ் ஆகல"ன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் காரணம் இதான். ஷேர் பக்கம் அந்த எவ்ரிஒன்ன எடுத்துட்டு ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸுக்கு (லாகின் பண்ணி வந்த யூசர்ஸ்) சேஞ்ச் குடுத்துட்டு, யாருக்கு என்னங்கறத செக்யூரிட்டி டேப்ல குரூப் வச்சு முடிவு பண்றது தான் என்னைக் கேட்டா நல்லது. சர்வர்லயே உக்காந்து ஃபோல்டர தொறந்து பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்லாதீங்க, அங்க ஷேர் பர்மிஷன் வேலையே செய்யாது, வேற பிசில இருந்து அந்த யூசரா பாருங்க.

குரூப்ல சேத்தாச்சு, இன்னும் வரலையா? லாக் ஆஃப் பண்ணி லாகின் பண்ண சொல்லுங்க. குரூப் விவரம் லாகின் ஆகறப்ப தான் எடுத்துக்கும், ஸ்கிரீன லாக் பண்ணி தொறந்தா மட்டும் பத்தாது.

பர்மிஷன் லிஸ்ட்ல டினை (தடை) டிக் எங்கயாவது இருக்கான்னும் பாருங்க. ஒருத்தர் ரெண்டு குரூப்ல இருந்து அதுல ஒன்னுக்கு அதே ஃபோல்டர்ல டினை இருந்தா, இன்னொன்னுல எவ்ளோ அலவ் இருந்தாலும் டினை தான் ஜெயிக்கும். செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, எஃபெக்டிவ் ஆக்சஸ்ல அந்த யூசர் பேர போட்டா அவருக்கு கடைசியா என்ன கெடைக்குதுன்னு காட்டும்.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் மத்தவங்களுக்கு வரலன்னா யாரோ அத வேற ஃபோல்டர்ல இருந்து கட் பேஸ்ட் பண்ணியிருக்கலாம். ஒரே டிரைவுக்குள்ள மூவ் பண்ணா பழைய பர்மிஷனோடயே வந்துடும், காப்பி பண்ணா தான் புது இடத்தோட பர்மிஷன் எடுத்துக்கும். அதனால அங்கயே ஒரு காப்பி எடுத்து, அது மத்தவங்களுக்கு வருதான்னு பாத்துட்டு பழசை டெலிட் பண்ணுங்க.