நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன பதிலை நாமே தேடிப் படிப்பது எப்படி?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். தக்காளி மண்டிக்கு வருகிறவர்கள் லோடு இறக்கிவிட்டு, கையில் ஒரு டீயோடு அப்படியே என் கடைக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் அப்படி வந்த ஒரு பெரியவர் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி: ‘வங்கிகள் 16 லட்சம் கோடி கடன் தள்ளுபடி. நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் பதில்.’

“தம்பி, என் டிராக்டர் லோனும் இதுல வருமா? இந்த மாசம் டியூ கட்டலாமா, வேணாமா?”

அவசரப்பட்டுக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள் அண்ணா, அமைச்சர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்த்துவிடுவோம் என்று அவர் எதிரிலேயே தேடி எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு மொபைலும், ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்திலும் இருந்தால் போதும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகின்றன. அவையில் உறுப்பினர் தமிழிலேயே கேள்வி கேட்கலாம், ஆனால் அச்சான பதில் தமிழில் கிடைப்பதில்லை.

முதலில்: கேள்வியில் இரண்டு வகை

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்று இரண்டு. நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் அங்கேயே துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும். நேரம் காலை 11 முதல் 12 வரை என்பதால் பல நாள் ஏழெட்டுக் கேள்வியைத் தாண்டுவதே பெரிய விஷயம். மாநிலங்களவையில் கேள்வி நேரம் மதியம் 12 மணிக்கு.

குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை. நமக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. டிவியில் காட்டுவது நட்சத்திரக் கேள்விகளின் சண்டையை. வங்கிக் கட்டணம் எவ்வளவு வசூலானது, எந்த மாநிலத்தில் எத்தனை கணக்கு என்ற அட்டவணையெல்லாம் சத்தமே இல்லாமல் எழுத்துப் பதிலில் கிடக்கும்.

அப்புறம்: எந்த நாள், எங்கே தேடுவது

எல்லா அமைச்சகமும் எல்லா நாளும் பதில் சொல்வதில்லை. அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நிதி அமைச்சகத்துக்கு சமீப ஆண்டுகளில் மக்களவையில் திங்கள்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை. ஆகவே ‘நேற்று நிதியமைச்சர் எழுத்துப்பூர்வ பதில்’ என்று வியாழக்கிழமை ஒரு ஃபார்வேர்டு வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பழைய செய்தியாக இருக்கலாம்.

பிரவுசரில் ‘சன்சத் டாட் இன்’ (sansad.in) என்ற தளத்தைத் திறங்கள். மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் இதுதான். எந்த அவை என்று தேர்ந்தெடுத்து, கேள்விகள் என்ற பகுதிக்குப் போங்கள். அமைச்சகம், உறுப்பினர் பெயர், கூட்டத்தொடர், தேதி என்று சல்லடை போடும் வசதி அங்கே இருக்கிறது. அமைச்சகம் என்ற இடத்தில் நிதி என்று கொடுத்தால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். எனவே தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். நம் உறுப்பினர் என்ன கேட்டார் என்று பார்க்க வேண்டுமா, பெயரைக் கொடுங்கள். தருமபுரி என்றால் ஆ. மணி, கிருஷ்ணகிரி என்றால் கே. கோபிநாத். தேர்தல் நேரத்தில் மட்டும் ஞாபகம் வரும் பெயர்களை இப்படி நடுவில் ஒரு தடவை தட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

கேள்விக்கு நேராக பிடிஎஃப் இருக்கும். மொபைலில் சில நாள் திறக்க மக்கர் பண்ணும், இறக்கிவைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிலின் உடம்பை அறிந்துகொள்ளுங்கள்

மேலே துறையின் பெயர் இருக்கும். வரி என்றால் வருவாய்த் துறை, வங்கி, காப்பீடு என்றால் நிதிச் சேவைகள் துறை. அடுத்து கேள்வி எண், தேதி, தலைப்பு, கேட்டவர் பெயர். கீழே கேள்வி ஏ, பி, சி, டி என்று துண்டு துண்டாக இருக்கும்.

பதில் சொல்பவர் பெயரையும் பாருங்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கீழே நிதித்துறை இணை அமைச்சர் பெயர் இருக்கும். எழுத்துப் பதில்களில் இது சாதாரணம். யார் சொன்னாலும் அது அரசின் பதில்தான்.

முக்கியமான தந்திரம் இங்கே. பதிலில் ‘ஏ முதல் டி வரை’ என்று நான்கு துண்டுக்கும் சேர்த்து ஒரே பத்தி எழுதியிருந்தால், கேள்வியை ஒரு பக்கமும் பதிலை ஒரு பக்கமும் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பென்சிலால் டிக் அடியுங்கள். ஏதாவது ஒரு துண்டுக்கு டிக் விழாமல் மிச்சம் நிற்கும். பதில் சொல்லாமல் நழுவிய இடம் அதுதான். நான் முதல் தடவை இப்படிச் செய்தபோது, இரண்டு பக்கப் பதிலில் கேட்ட கேள்விக்கான பதில் ஒன்றரை வரிதான் இருந்தது. மீதியெல்லாம் அரசுத் திட்டங்களின் பெருமை.

அடிக்கடி வரும் சில சொல்வழக்குகளுக்குப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கேள்வி எழவில்லை’ என்றால் முந்தைய துண்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டதால் அடுத்ததற்கு வேலை இல்லை என்று அர்த்தம். ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்’ என்றால் அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கவனிக்க உறுதிமொழிக் குழு என்றே ஒரு நாடாளுமன்றக் குழு உண்டு. கடன் வாங்கிய கம்பெனியின் பெயரைக் கேட்டால் ரிசர்வ் வங்கிச் சட்டம் 45இ பிரிவைக் காட்டி, தனி ஆள் விவரம் தர முடியாது என்பார்கள். இதற்கெல்லாம் ஆத்திரப்பட்டுப் பயனில்லை, சட்டம் அப்படி.

தள்ளுபடி: இந்த ஒரு சொல்லில்தான் எல்லாரும் விழுகிறோம்

சரி, பெரியவர் விஷயத்துக்கு வருவோம். நாங்கள் தேடி எடுத்தது 2025 மார்ச்சில் மக்களவையில் வந்த எழுத்துப் பதில். முந்தைய பத்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனை ‘ரைட் ஆஃப்’ செய்திருக்கின்றன. அதிகபட்சம் 2018-19இல், 2.36 லட்சம் கோடி. தொகை சரி. ஆனால் தமிழில் ரைட் ஆஃபும் தள்ளுபடி, ‘வேவர்’ என்பதும் தள்ளுபடி. இரண்டும் ஒன்றல்ல.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் நோட்டில் நாலு வருஷமாக வராத பாக்கி ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதை இனி வரும் பணம் என்று நம்பிச் சரக்கு வாங்கத் திட்டம் போட முடியாது. அந்தப் பக்கத்தை முன் நோட்டிலிருந்து எடுத்துப் பின் நோட்டில் எழுதிக்கொள்கிறார். பாக்கி வைத்தவர் தெருவில் எதிர்ப்பட்டால் கேட்காமல் விடுவாரா? விடமாட்டார். அதுதான் ரைட் ஆஃப்.

வங்கியில் தவணை 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால் வாராக்கடன். அதற்கு ஈடாக லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கி, முழுத் தொகைக்கும் ஒதுக்கி முடித்த பிறகு, பொதுவாக நான்கு ஆண்டு கழித்து, ஐந்தொகையிலிருந்து நீக்குகிறார்கள். கடனாளியின் பொறுப்பு அப்படியே இருக்கும். நீதிமன்றம், கடன் மீட்புத் தீர்ப்பாயம், சர்ஃபேசி சட்டப்படி சொத்தைக் கையகப்படுத்துவது எல்லாம் தொடரும். இந்தப் பொருளில் வரும் ஒவ்வொரு பதிலிலும் இதைச் சொல்லும் வாக்கியம் ஒன்று தவறாமல் இருக்கும். ஃபார்வேர்டில் மட்டும் தவறாமல் விட்டுப்போகும்.

வேவர் என்பது கடனே இல்லை என்று ஆக்குவது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடியை ரத்து செய்தது நினைவிருக்கும். அது அசல் தள்ளுபடி. மளிகைக் கடைக்காரர் பாக்கியே வேண்டாம் என்று கணக்கைக் கிழித்துப்போடுவதற்கும் நோட்டை மாற்றி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும்.

அதே பதிலில் இன்னொரு எண்ணும் இருந்தது. 16.35 லட்சம் கோடியில் சுமார் 9.27 லட்சம் கோடி பெருந்தொழில், சேவைத் துறைக் கடன்கள். ரைட் ஆஃப் தள்ளுபடி அல்ல என்பது உண்மைதான், அதற்காக அதில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீக்கிய கடனில் எவ்வளவு திரும்ப வந்தது என்பதுதான் கேட்க வேண்டியது. அதைக் கேட்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். தேடும்போது ‘மீட்பு’ என்ற பொருளில் வரும் கேள்விகளைத் தனியாகப் படியுங்கள்.

பெரியவர் முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்ப டியூ கட்டித்தான் ஆகணும்ங்கற” என்றார். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

தேதியைப் பார்க்காமல் வரி பற்றிய பதிலை நம்பாதீர்கள்

வங்கி பற்றிய பதில் சில வருஷம் தாங்கும். வரி பற்றியது பால் மாதிரி, சீக்கிரம் கெட்டுவிடும். நம் கிருஷ்ணகிரி மாங்கூழையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஜிஎஸ்டி கவுன்சிலின் 47ஆவது கூட்டம் மாங்கூழுக்கு 12 சதவீதம் என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முன் விகிதம் பற்றிப் பெரிய குழப்பம். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே போய், மாங்கூழ் 5க்கு வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போட்டால் வம்புதான்.

வருமான வரியும் இப்படித்தான். புதிய வரி முறையில் வருமானம் 7 லட்சம் வரை வரி இல்லை என்று சொல்லும் பதில் பொய்யல்ல, பழையது. 2025-26 நிதியாண்டிலிருந்து அது 12 லட்சம். மூத்த குடிமக்களின் வைப்பு வட்டியில் வங்கியே பிடித்துக்கொள்ளும் வரிக்கான (டிடிஎஸ்) வரம்பு 2025 ஏப்ரலில் 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சமானது. என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இன்னும் 50 ஆயிரம் என்றே பிடிவாதமாகச் சொல்கிறார்கள், எங்கோ படித்த பதிலின் ஞாபகத்தில்.

கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்குப் போடும் அபராதமும் கிட்டத்தட்ட இதே கதை. 2019-20 முதல் ஐந்து ஆண்டில் பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி வசூலித்தன என்ற 2024 ஜூலைப் பதில் இன்னும் சுற்றுகிறது. அதைச் சொல்பவர்கள் ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே அந்த அபராதத்தை நிறுத்தியதையும், இந்தியன் வங்கி 2025 ஜூலையில் நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

நம் மாவட்டக் கணக்கு வேண்டுமென்றால்

பதிலோடு வரும் இணைப்பு அட்டவணை பெரும்பாலும் மாநில அளவோடு நின்றுவிடும். தமிழ்நாடு என்று ஒரு வரி, அவ்வளவுதான். பென்னாகரத்துக்கோ தளிக்கோ தனி எண் தேடிக் களைத்துப்போகாதீர்கள். மாவட்ட அளவு கடன் இலக்கு, கிளை விவரங்களுக்கு மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி (லீட் பேங்க்) மேலாளரைத்தான் பார்க்க வேண்டும்.

அல்லது கேள்வியையே கேட்க வைக்கலாம். உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதிக்கொடுத்த ஒன்று இப்படி இருந்தது: ‘தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வங்கிக் கிளை இல்லாத ஊராட்சிகள் எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கு புதிதாகத் திறக்கப்பட்ட கிளைகள் எத்தனை, மூடப்பட்டவை எத்தனை, காரணம் என்ன.’ புலம்பல், வாழ்த்து, கோரிக்கை எதுவும் வேண்டாம். எண்ணில் பதில் வரும்படி கேளுங்கள். கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். பதில் நாளுக்கு 15 முழு நாள் முன்பே உறுப்பினர் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தேதி செய்தியில் வந்த அன்றைக்கே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.