கம்பிக்குப் பதில் தகடு வளர்ந்த கதை

புற ஊதா ஒளி உணரிக்காகத் துத்தநாக ஆக்சைடு நானோகம்பி, அதாவது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படிகக் கம்பி, வளர்ப்பதுதான் என் வேலை. கண்ணாடியில் கம்பி முளைக்க இடம் தரும் விதைப் படலம் பூசி, ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்ஸமீனும் கரைத்த நீரில் கவிழ்த்துப் போட்டு, 90 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் அறுகோணக் கம்பிகள் நெட்டுக்குத்தலாக எழும்ப வேண்டும், எனக்கு மூன்று மாதமாகக் குட்டைத் தகடுகள்தான். விதைப் படலத்தைச் சந்தேகப்பட்டு அதையே திரும்பத் திரும்ப மாற்றினேன். வீண்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் அத்தை வீட்டுக் குடத்துத் தண்ணீர் கரித்தபோதுதான் உறைத்தது. ஆய்வகத் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன், பால் போலக் கலங்கியது, உப்பின் குளோரைடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் கடலோர நிலத்தடி உப்புக்கு தண்ணீரில் கரைந்த உப்பை அகற்றும் அயனி நீக்கும் ரெசின் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. குளோரைடு கம்பியின் உச்சி முகத்தில் ஒட்டிக்கொண்டு நீள விடாது, அப்போது படிகம் பக்கவாட்டில்தான் பெருகும்.

ரெசினை மாற்றி, இருமுறை காய்ச்சி வடித்த நீருக்குப் போனேன். அந்தச் சொட்டுச் சோதனை செய்யாமல் இப்போது கரைசலே போடுவதில்லை. அப்புறம், கழுவிய கண்ணாடியை ஜன்னலோரம் காயவைக்காதீர்கள், கடல்காற்றே உப்பைப் படியவைக்கும். காரைக்குடியில் எடுத்த எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) படத்தில் 34.4 டிகிரியில், கம்பிகள் நேராக நிற்பதைக் காட்டும் 002 முகடு தனியாக ஓங்கி நின்றது, ஒளிர்வும் எதிர்பார்த்தபடி புற ஊதாவில், 380 நானோமீட்டர் பக்கம் வந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.