குழந்தைக்கு ராத்திரியில் காய்ச்சலா? நோட்ஸ் ஆப்பும் மருந்துப் பையும் இப்படி இருக்கட்டும்

பெற்றோர் நோட்ஸ் ஆப் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணி, குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, நீங்கள் ஊரில் இல்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு மருந்து கொடுத்தார்கள் என்பதை வீட்டில் இருப்பவர் அரை நிமிடத்தில் பார்க்க முடியுமா? முடியாதென்றால் அந்த ஆப் எத்தனை வசதிகளோடு வந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

நோஷன் அலுவலக வேலைக்கு நல்லது. நெட் மந்தமாக இருந்தால் திறக்கவே நேரமாகும். ஆப்சிடியன் குறிப்புகளை உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளும், இன்னொருவரோடு பகிர்வது சுற்றுவழி. எவர்நோட்டின் இலவசக் கணக்கில் 2023 டிசம்பரிலிருந்து 50 குறிப்புகளுக்கு மேல் இடமில்லை. வீட்டில் எல்லாரிடமும் ஐபோன் இருந்தால் ஆப்பிள் நோட்ஸ் போதும். ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்து இருந்தால் கூகுள் கீப்: இலவசம், இரண்டு வகைப் போனிலும் ஓடும், நெட் போனாலும் போனில் திறக்கும்.

கீப்பில் குழந்தையின் பெயரில் ஒரே ஒரு குறிப்பு தொடங்குங்கள். கூட்டாளியைச் சேர்க்கும் இடத்தில் வீட்டுக்காரர் அல்லது வீட்டம்மாவின் ஜிமெயில் முகவரியைக் கொடுத்து, குறிப்பு எப்போதும் பட்டியலின் மேலே நிற்குமாறு 'பின்' (pin) செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் முகப்புத் திரையை அழுத்திப் பிடித்து, விட்ஜெட்டில் அந்த ஒரு குறிப்பை மட்டும் வைக்கலாம். தொடங்கியவர் அதை அழித்தால் எல்லார் போனிலிருந்தும் போய்விடும். குப்பையிலிருந்து மீட்க ஏழு நாள்தான் அவகாசம். தனிக் குறிப்புக்குப் பூட்டு கிடையாது, அதனால் ஆதார் எண்ணை இதில் எழுத வேண்டாம். அதற்கு டிஜிலாக்கர் இருக்கிறது.

குறிப்பின் மேல்பகுதியில் மாறாதவை: ரத்த வகை, ஒவ்வாமை, டாக்டரின் போன் எண், தடுப்பூசி அட்டையின் இரண்டு பக்கப் படம், தமிழ்நாட்டில் பிரசவித்தவர்களுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண். அடுத்து, எடையும் எடுத்த தேதியும். மருந்தளவு எடையை வைத்துத்தான் என்பதால் பழைய எடை கிடந்தால் அளவும் தப்பும்.

பலரும் சறுக்குவது பாராசிட்டமாலில். டாக்டர்கள் வழக்கமாகக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல் தரச் சொல்வார்கள். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3 மி.லி.; 120 உள்ளதில் 6 மி.லி.க்குச் சற்று மேல், ஒரு மி.லி.யில் 100 உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. ஒரே பெயரில் மூன்று பாட்டிலும் கடையில் இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 6 மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். அதனால் குறிப்பில் பெயரோடு நிற்காமல், பாட்டிலில் உள்ள வீரியத்தையும் டாக்டர் சொன்ன மி.லி. அளவையும் எழுதுங்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

அதற்குக் கீழே நாட்கணக்கு, புதியது மேலே வருமாறு:

14ஆம் தேதி, 19.40, அக்குள் 101.8, சிரப் 3 மி.லி., பாட்டி கொடுத்தது, சிறுநீர் 2 முறை.

நேரத்தை 24 மணிக் கணக்கில் போடுங்கள். நள்ளிரவு 12.30 எந்தத் தேதியில் சேரும் என்ற குழப்பமே இரண்டாம் முறை மருந்து கொடுக்க வைக்கிறது. டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு வரியே பதில். ஸ்மார்ட்போன் பழகாத பாட்டி வீட்டில் இருந்தால், மி.லி. அளவைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டுங்கள்.

இனி மருந்துப் பை. அதற்குள் அதிகம் வேண்டாம். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று. வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறும் என்பதால் அவற்றை நம்பக் கூடாது; சிரிஞ்சிலும் கோடு அழிந்தால் மாற்றிவிடுங்கள். நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து பீப் வரும்வரை கையை அணைத்துப் பிடியுங்கள். நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகை, வியர்வையிலும் ஃபேன் காற்றிலும் குறைத்துக் காட்டும். தெர்மாமீட்டரின் பட்டன் பேட்டரியைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஓஆர்எஸ் பொட்டலம் 200 மி.லி.க்கா, ஒரு லிட்டருக்கா என்று கவரில் பார்த்து அதே அளவு தண்ணீரில் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி ஆபத்தாகும்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் போதும். 3.7 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு மாறும்போது இழப்பு இருப்பதால் கையில் கிடைப்பது 6,000 சொச்சம்தான், ஒரு போனை ஒரு முறை நிரப்பிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் பிளக்குக்கும் தூரம் இருக்கும், கேபிள் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும்.