"நீங்களும் தமிழர்தானே" என்று தொடங்காதீர்கள்

1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இலங்கையில் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. சந்தித்த இடம் புத்தளம் பக்கம். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று அந்தப் பயணி எழுதிவைத்திருக்கிறார். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டார். ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போய்ப் பாதம் பார்க்க வேண்டும் என்றார் வந்தவர். பல்லக்கு, வழித்துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், சாமான் தூக்க ஆட்கள் என்று ஒரு கூட்டத்தையே அரசர் கூட அனுப்பிவைத்தார்.

யாழ்ப்பாணத்தில் இப்போது நடக்கிற சர்வமத, நல்லிணக்கக் கூட்டங்களில் நான் அதிகம் கேட்காதது "என்ன வேண்டும்" என்ற அந்தக் கேள்வியைத்தான். இப்படியான கூட்டங்களுக்குக் கதிரை அடுக்குவதிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடுவது வரை செய்திருக்கிறேன். அங்கே கண்ட பிழைகளை இங்கே சொல்கிறேன். அநேகமானவை எங்கள் பக்கத்துப் பிழைகள், அதாவது சைவ, கிறிஸ்தவத் தமிழர் விடுகிற பிழைகள்.

முதலாவது, முஸ்லிம்களைப் பார்த்து "நீங்களும் தமிழர்தானே" என்கிற வரவேற்பு. அன்பாகச் சொல்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இந்த வசனத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது. 1885இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதாடினார். 1888இல் அதையே கட்டுரையாகவும் வெளியிட்டார். அவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையா என்ற கேள்வி இருந்த காலம் அது. 1907இல் சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். நாங்கள் அன்பாகச் சொல்வது அவர்களின் காதில் அந்தப் பழைய வாதமாக விழுகிறது. மொழி ஒன்றுதான், வீட்டுப் பேச்சும் தமிழ்தான். ஆனால் தங்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது பிழைதான் பெரியது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த நாட்களில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து போனவர்கள் 70,000 பேருக்கும் மேல். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளத்து அகதி முகாம்களுக்கு. இப்னு பதூதாவை யாழ்ப்பாண அரசர் வரவேற்ற அதே பக்கம். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் வாப்பாவின் ஊர்.

இதைக் கூட்டத்தில் யாராவது எடுத்தால் நாங்கள் சொல்வது என்ன? "அது பழைய கதை", அல்லது "அப்போது எங்களாலும் வாய் திறக்க முடியவில்லை". இரண்டாவது உண்மைதான். எங்கள் தெருவிலும் பயம் இருந்தது. ஆனால் அதை முதல் பதிலாகச் சொல்லக்கூடாது. ஒரு கூட்டத்தில் வயதான உம்மா ஒருவர் தன் தையல் மெஷினை விட்டுவிட்டுப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் எங்கள் ஆள் ஒருவர் எழும்பி, கிழக்கில் தமிழ்க் கிராமங்களுக்கு முஸ்லிம் ஊர்காவல் படையினர் செய்ததைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அந்த உம்மா பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கிழக்கின் இழப்பைக் கதைக்க வேறு ஒரு நாள் வைத்திருக்கலாம், அதே மரியாதையோடு, அதே நேரம் ஒதுக்கி. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்டில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டதையும் அப்படித்தான் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பார்க்கிற கணக்குப்புத்தகமாக்கினால் யாருடைய துக்கத்தையும் யாரும் கேட்டதாகாது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இன்னொன்று சேர்ந்தது. மேடையேறும் ஒவ்வொரு முஸ்லிமும் முதலில் குண்டுவெடிப்பைக் கண்டிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கொழும்பு கொச்சிக்கடைத் தேவாலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் செத்தவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி "நான் புலி இல்லை" என்று நிரூபித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதையே இன்னொருவரிடம் கேட்கலாமா?

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். இறைவனுக்கு இணையில்லை என்பது இஸ்லாத்தின் அடித்தளம். வேறுபாடு இருக்கட்டும், அதைப் பற்றிக் கேளுங்கள். கோயில் பிரசாதத்தை ஒருவர் வாங்காவிட்டால் அது அவமதிப்பு இல்லை.

இஸ்லாமிய நாகரிகம் என்றதும் பாக்தாத், கொர்டோபா என்று தூரம் போய்விடுவதும் வழமை. பாக்தாதைச் சொல்லுங்கள், இந்திய எண்களை அங்கே கற்றார்கள் என்பது நல்ல கதை. ஆனால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெரு பக்கத்தில்தானே இருக்கிறது? இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியான ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். நபிகளின் வரலாற்றைப் பாடும் தமிழ்க் காப்பியமான சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் உமறுப்புலவர் அரேபியாவையே வயலும் நீரும் நிறைந்த மருத நிலமாகப் பாடிவிட்டார். கம்பனைப் படித்தவர்களுக்கு அந்தச் செய்யுள்கள் அந்நியமாக இருக்காது. இதை ஒன்றாக வாசிக்க ஒரு மாலை போதும்.

சின்ன விஷயங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் வைக்காதீர்கள், ஜும்ஆ தொழுகை நேரம். இப்தாருக்கு, அதாவது நோன்பு திறப்புக்கு, கூப்பிட்டுவிட்டுப் பேச்சை இழுக்காதீர்கள். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தவுடன் மஃரிப் என்ற அந்தித் தொழுகையைத் தொழ வேண்டும், அதற்கு நேரம் குறைவு. பேச்சாளர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு பேசட்டும். இறைச்சி சமைப்பதென்றால் ஹலாலா என்று உறுதிசெய்யுங்கள், அல்லது சைவச் சாப்பாடே போடுங்கள், எங்கள் சமையலுக்கு அதில் என்ன குறை? மௌலவி, குருக்கள், பாதிரியார் மூவரும் முன்வரிசையில் இருந்தால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். திரும்பி வந்த வீடுகளில் தண்ணீர், காணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தலையில் சுமப்பவர்கள் பெண்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தில் வையுங்கள்.

அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் ஐந்து சந்திப் பக்கம் ஒருமுறை போய், திரும்பி வந்த குடும்பங்கள் நாலைந்தின் வீட்டில் இருந்து கதையுங்கள். எந்த நாள் சரி, எதைப் பற்றிக் கதைக்கலாம், யார் பேசவேண்டும் என்று கேளுங்கள். தலைப்பை அவர்களே சொல்வார்கள்.