விடுமுறைக்குப் பூட்டிய வீடு: தெருவும் காவல் நிலையமும் சேர்ந்து பார்த்துக்கொள்வது எப்படி

டிசம்பர் கடைசியில் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியும் விளக்கு எரியாத வீடு எது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். இதற்கு மேல் திருடன் வேவு பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கவலை வந்ததும் பல குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கையில் எடுப்பது டார்ச்சும் விசிலும்தான். குறியில்லாத ரோந்தில் பலன் குறைவு. 1972-73இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரக் காவல்துறை இதைச் சோதித்தே பார்த்தது. சில பகுதிகளில் ரோந்து வண்டியை நிறுத்தினார்கள், சிலவற்றில் கூட்டினார்கள், மற்றவற்றை வழக்கம்போல் விட்டார்கள். குற்றக் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. 1980களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்டேலில், கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் வேறு வழியில் போனார்கள். திருட்டுப் போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறேழு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின் மேல் கண் வைக்கச் சொன்னார்கள். பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், திருடர்கள் குறிவைத்த, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்களையும் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் வீடு புகுந்து திருடுவது கால்வாசியாகக் குறைந்தது. இங்கே சொல்லப்போவதும் அந்த ஆறு வீட்டுக் கணக்குத்தான்.

விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பே உங்கள் பகுதியைப் பார்க்கும் காவலரைச் சந்தியுங்கள். பொத்தாம்பொதுவாக “பாதுகாப்பு வேண்டும்” என்றால் பொதுவான பதில்தான் வரும். போன ஆண்டு இதே வாரங்களில் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்த வழியாக உள்ளே புகுந்தார்கள் என்று கேளுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கூட்டம் கூடும் நாட்களில் அந்தக் காவலரையே பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்வார்கள். அவருக்குப் பதில் யார், எந்த எண் என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வளையம். பூட்டும் வீடு ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்து வீடுகள், எதிர்வரிசையில் மூன்று, பின்புறம் ஒன்று. பின் வீட்டைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். பின்கதவும் பின் ஜன்னலும் தெரிவது அங்கிருந்துதான். காலையில் ஒரு முறை, இருட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை யாராவது ஒருவர் பார்த்தால் போதும். வாசலில் கிடக்கும் பார்சலையும் பேப்பரையும் அன்றன்றே எடுக்க வேண்டும். பனி விழும் ஊரானால் நடைபாதையில் கால்தடம் பதியட்டும், வாசலில் பக்கத்து வீட்டு வண்டி நிற்கட்டும். வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போவது பெரிய தவறு: பட்டப்பகலில் எரியும் விளக்கு, ஆளில்லை என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். உள்ளறை விளக்கில் டைமர் வையுங்கள், நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். சாவிக்கொத்தில் வீட்டு எண் வேண்டாம்.

பட்டியல் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். எந்த வீடு எத்தனை நாள் காலி என்ற பட்டியல் கைமாறினால் திருடனுக்கு வேலை மிச்சம். அதைக் காகிதத்தில் இரண்டே படி எழுதுங்கள். ஒன்று சங்கத்தின் ஒருங்கிணைப்பாளரிடம், மற்றது காவல் நிலையத்தில். வீட்டு எண், போகும் தேதி, திரும்பும் தேதி, தொடர்பு எண், சாவி வைத்திருப்பவர், உள்ளே வரலாம் என்று அனுமதித்த ஆட்கள்: இவ்வளவு போதும். படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இருநூறு பேர் இருக்கும் குழுவில் யார் யார் என்று அட்மினுக்கே தெரியாது.

ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் அவசர எண், பிறகுதான் குழு. போனில் இடத்தை முதலில் சொல்லுங்கள். பாதியில் துண்டித்தாலும் வண்டி கிளம்பிவிடும். பிறகு நடப்பது என்ன, எத்தனை பேர், எந்தத் திசை, வண்டி எண். மேல்சட்டையை நொடியில் கழற்றிவிடலாம், செருப்பையும் நடையையும் மாற்றுவது கடினம். அதனால் பார்வை கீழேயும் போகட்டும். உயரத்தை வாசல் கேட்டின் உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

செயலைச் சொல்லுங்கள், ஆளை எடை போடாதீர்கள். “மூன்று வீட்டுக் கதவுகளைத் திருகிப் பார்த்தார்” என்பது தகவல். “புது முகம், பார்த்தால் சரியில்லை” என்பது வெறும் சந்தேகம். இந்த மாதத்தில் பார்சல் கொண்டுவர எத்தனையோ தற்காலிக ஆட்கள் வருவார்கள். குழுவில் பரவும் ஒரு படத்தை நம்பி அப்பாவியை அடித்தால், அப்புறம் கைது ஆகப்போவது தெருக்காரர்கள்தான்.

கதவு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். இல்லாவிட்டாலும் உங்கள் கைரேகை தடயத்தைக் கெடுக்கும். தள்ளி நின்று வாசலைக் கவனித்தபடி போலீசுக்காகக் காத்திருங்கள். துரத்தவோ மறிக்கவோ வேண்டாம். அன்றிரவே அக்கம்பக்க வளையங்களை இறுக்குங்கள்: ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், அடுத்த இரண்டு வாரத்துக்கு அதே வீட்டுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் ஆபத்து அதிகம். வழி தெரிந்த ஆள் திரும்பி வருவான்.

ரோந்து போயே தீருவோம் என்பவர்கள் இருவர் இருவராக, ஒளிரும் மேலங்கியோடு, தடி இல்லாமல் போகட்டும். பிரச்சினை உள்ள மூலையில் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டு, முன்கூட்டிச் சொல்லாத நேரத்தில் மறுபடி வருவது தெரு முழுக்கச் சுற்றுவதைவிடப் பயன் தரும்.

புத்தாண்டு இரவு கூட்டத்துக்கு ஒரே ஒரு கணக்கு. தரையில் ஒரு சதுர மீட்டரைச் சாக்பீஸால் குறித்து எண்ணுங்கள். நான்கு பேரைத் தாண்டினால் உள்ளே விடுவதை நிறுத்த வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் கூட்டம் தன் விருப்பப்படி நகர முடியாது. ஒருவர் விழுந்தால் அடுத்தடுத்து விழுவார்கள். வரும் வழியும் போகும் வழியும் தனித்தனியாக இருக்கட்டும்.

வளையத்தில் இருப்பவர்கள் பூட்டாத வீடுகளிலும், முக்கியமாகத் தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில், தினமும் ஒரு முறை குரல் கொடுக்கலாம். குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கும். வாசனை இல்லாததால் தெரியாது. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், முதலில் அனைவரையும் வெளியே கொண்டுவாருங்கள், பிறகு அவசர எண்ணை அழையுங்கள்.

எல்லோரும் ஊர் திரும்பியதும் இரண்டு படிகளையும் வாங்கிக் கிழித்துவிடுங்கள்.